இளவேனில் காலை நடையில் கண்ணில் பட்டது: உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்க

பதிவு 1
இன்னும் மனசு ஆறல, அதான் எழுதுறேன். விடிஞ்சும் விடியாத நேரம், உழுது போட்ட காட்டு வழியா நடந்துட்டிருந்தேன். ஆள்காட்டிக் குருவி கத்துச்சு. அது எப்பதான் கத்தாம இருந்துச்சு, கண்டுக்கல. திடீர்னு ஒண்ணு பத்தடி முன்னால ஒரு றெக்கையை விரிச்சுத் தரையில இழுத்துக்கிட்டே நொண்டுது. கண்ணு முன்னாடி இருக்குமே சிவப்புச் சதை, அதுவரைக்கும் தெளிவாத் தெரியுது. அடிபட்டுடுச்சுன்னு பின்னாடியே போனேன். அம்பது அடி இழுத்துட்டுப் போய், ஜம்முனு பறந்துடுச்சு.

ஏமாந்தேன்னு சிரிச்சுக்கிட்டே திரும்பினா, என் செருப்புத் தடத்துக்கு நாலு விரக்கடை தள்ளி முட்டை. மண் நிறம், கருந்திட்டு, சுத்தி பொடிக்கல். மூணுதான் இருந்துச்சு. வழக்கமா நாலு இருக்கும்னு அப்புறம்தான் படிச்சேன். அப்ப நாலாவது? செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒண்ணும் ஒட்டியிருக்கல. ஆனாலும் தூக்கம் வரல.

பதிவு 2
மூணோட நிறுத்துறதும் உண்டு, குழப்பிக்காதீங்க. நான் கேக்குறது வேற: எவ்வளவு நேரம் குனிஞ்சு பார்த்துட்டு நின்னீங்க? நான் இதே மாதிரி ஒரு ஆள்காட்டிக் கூட்டுக்கு முன்னால மண்டி போட்டு போட்டோ எடுத்தேன். எழுந்து நூறடி போயிருப்பேன், காக்கா இறங்குச்சு. ரெண்டு பறவையும் மாறி மாறிப் பாய்ஞ்சும், ஒரு முட்டை போயிடுச்சு. அந்த போட்டோ இன்னும் போன்ல கிடக்கு, அழிக்கவும் முடியல, பார்க்கவும் முடியல.

பதிவு 3
நான் பார்த்தது பாம்பு. ரெண்டு சாரை இடுப்பு உயரத்துக்கு எழும்பி, கயிறு முறுக்கின மாதிரி பின்னிக்கிட்டு, ஒண்ணை ஒண்ணு கீழ தள்ளப் பார்க்குது. கால் மணி நேரம். பக்கத்துல நின்னவர் "இணை சேருது"ன்னார். இல்லீங்க, ரெண்டும் ஆண், அது மல்யுத்தம். தோத்தது என் காலை உரசுற மாதிரி ஓடுச்சு பாருங்க, அந்த ஜில்லுன்னு ஆனது இன்னும் போகல.

பதிவு 4
மூணாவது சொல்றது தப்பு. சாரையும் நல்லபாம்பும் பிணையிறதை நானே கண்ணால பார்த்திருக்கேன்.

பதிவு 3 (மறுபடி)
படம் எடுத்துச்சா? எடுத்திருக்காது. ரெண்டும் வேற வேற குடும்பம், இணை சேராது. சொல்லப்போனா நல்லபாம்பு சாரையைப் பிடிச்சுத் தின்னும். பார்த்தது நிஜம், பேரு வெச்சதுதான் தப்பு.

பதிவு 5
புல்லுக்குள்ள ஒத்தை முயல்குட்டி, காதை முதுகோட ஒட்டிக்கிட்டு, கண்ணு மட்டும் திறந்து. தொடாம வந்துட்டேன். சரியா தப்பான்னு தெரியல.

எல்லாருக்கும் ஒண்ணு சொல்றேன். இவ்வளவு கிட்டப் போகவே வேண்டாம், பைனாகுலர் வாங்குங்க. 8x42 போதும். எட்டு மடங்கு பெரிசாக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர், மங்கல் வெளிச்சத்துலயும் தெரியும். பத்து மடங்குன்னு ஆசைப்படாதீங்க, கை ஆட்டத்துல படமும் ஆடும். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கணும். வெள்ளைச் சட்டை கூடாது. நடக்குறதைவிட ஒரு மரத்தடியில பத்து நிமிஷம் அசையாம உக்காருங்க, நம்மளை மறந்துட்டு அதுங்க பாட்டுக்கு வரும். போன் சைலன்ட்ல. நாயைக் கூட்டிட்டு வர்றவங்க தயவுசெஞ்சு கயித்தைக் கழட்டாதீங்க. முக்கியமா, பைனாகுலர் வாரைக் கழுத்துல மாட்டிட்டுக் குனியாதீங்க, கல்லுல மோதி என்னோடது போச்சு.

பதிவு 1 (மறுபடி)
பைனாகுலர் யாருங்க கேட்டா? முயல்குட்டியை விட்டுட்டு வந்தது சரிதான், தாய் இருட்டினப்புறம்தான் பால் கொடுக்க வரும்.

ரெண்டாவது பதிவுக்காரருக்கு: அஞ்சு நிமிஷம் நின்னிருப்பேன். நீங்க கேட்டப்புறம்தான் ஞாபகம் வருது. வேலிக்கம்பு மேல ஒரு காக்கா உக்காந்திருந்துச்சு.