பாப்பாவின் கண் ஆபரேஷன்: எங்கள் அனுபவம்

திண்டுக்கல் அம்மா:

தத்தெடுத்த குழந்தைக்குக் கண் ஆபரேஷன் செய்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள் என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். எங்களுக்கு நடந்ததை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

எங்கள் மகள் 2022 ஆனியில், இரண்டு வயதில் வீட்டுக்கு வந்தாள். அவள் இருந்த குழந்தைகள் இல்லத்தில் கொடுத்த மருத்துவ அறிக்கையிலேயே இரண்டு கண்ணிலும் பிறவிக் கண்புரை, வலது கண்ணில் கூடுதல் என்று இருந்தது. தெரிந்துதான் கையெழுத்துப் போட்டோம்.

வந்த முதல் வாரமே ஒன்றைக் கவனித்தேன். பகல் பன்னிரண்டு மணிக்கு வாசற்படியில் இறங்கச் சொன்னால் காலால் தடவித் தடவித்தான் இறங்குவாள். விளக்கு வைக்கிற நேரத்தில் அதே படியில் தடதடவென்று இறங்கி ஓடுவாள். வெயில் கூசுகிறது போல என்று நினைத்துக்கொண்டேன். புரை லென்ஸின் நடுவில் இருக்கிறது என்று பிறகு மதுரை டாக்டர் சொன்னபோதுதான் புரிந்தது. நல்ல வெளிச்சத்தில் கண்பாப்பா சுருங்கிவிடும், பார்க்கிற வழி முழுவதும் புரைக்கு நேராகப் போய்விடும். அந்தியில் கண்பாப்பா விரியும்போது ஓரத்துத் தெளிந்த பகுதி வழியாக அவளுக்குக் கொஞ்சம் பார்வை கிடைக்கும். எல்லாருக்கும் இருட்டுகிற நேரத்தில்தான் என் பிள்ளைக்கு விடிந்திருக்கிறது.

முதலில் காட்டிய டாக்டர், "அஞ்சு வயசு ஆகட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார். அதை நம்பி நான்கு மாதம் சும்மா இருந்தோம். அந்த நான்கு மாதம் இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. கண்ணிலிருந்து தெளிவான உருவம் போனால்தான் மூளை பார்க்கப் பழகும். சின்ன வயதில் அது போகாவிட்டால், பிறகு புரையை எடுத்தாலும் அந்தக் கண் சோம்பேறிக் கண்ணாகவே நின்றுவிடும். பிறக்கும்போதே பார்வையை முழுக்க மறைக்கிற புரை என்றால் ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் ஆபரேஷன் முடிக்கப் பார்க்கிறார்கள். எங்கள் மகளுக்கு அரைகுறையாக மறைத்த புரை, அதனால்தான் அதுவரை தாங்கியது. கண்பாப்பாவில் வெள்ளையாக எது தெரிந்தாலும் நாள் கடத்தாதீர்கள். சில குழந்தைகளுக்கு அது கண் புற்றுநோயின் அடையாளமாகவும் இருக்கும்.

மதுரையில் சீட்டு வாங்கி உட்கார்ந்ததும் ஒரு பெண் வந்து கேள்வி கேட்டு எழுதிக்கொண்டார். குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதில் புரை உண்டா? கர்ப்பத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல், அம்மை வந்ததா? குறைமாதமா? என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "தத்தெடுத்த குழந்தைங்க, தெரியாது" என்று சொல்ல எனக்கு அரை நிமிஷம் ஆனது. வெட்கம் இல்லை. அவளுடைய இரண்டு வருஷம் என் கையில் இல்லை என்பது அந்த ஃபாரத்தில் காலியாக விட்ட கட்டங்களைப் பார்த்தபோதுதான் முதல்முதலாக உறைத்தது. டாக்டர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "தெரியலன்னா டெஸ்ட் பண்ணிப் பாத்துக்கலாம்மா" என்றார். கர்ப்பத்தில் அம்மாவுக்கு ரூபெல்லா என்கிற அம்மை வந்திருந்தால் குழந்தையின் கண்ணோடு காதையும் இதயத்தையும் பாதித்திருக்கலாமாம். அதற்காக எக்கோவும் காது பரிசோதனையும் எடுத்தார்கள். இரண்டும் சரியாக இருந்தன.

இன்னொரு விஷயம், காகிதம். எங்களுக்குத் தத்தெடுப்பு உத்தரவு அப்போது வந்திருக்கவில்லை. நீதிமன்றத்திடம் இருந்த, அந்த உத்தரவைப் போடும் அதிகாரம் 2022 செப்டம்பரில்தான் கலெக்டருக்கு மாறியிருந்தது, எங்கள் கோப்பு நடுவழியில் இருந்தது. ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்து யார் போடுவது என்ற கேள்வி வந்ததும் இல்லத்திலிருந்து ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போனோம். அதை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் ஓடுவது பெரிய அலைச்சல்.

சொந்தக்காரர்கள் சிலர் சொன்னதை இங்கே எழுத விரும்பவில்லை. என் மாமியார் சொன்னதை மட்டும் எழுதுகிறேன். அவர்களுக்கு அறுபத்தைந்து வயதில் கண் முகாமில் பார்த்து, மதுரைக்குக் கூட்டிப்போய்ப் புரை எடுத்துவிட்டார்கள். "எனக்குக் கிழவியானப்புறம் வந்துச்சு, இதுக்கு முந்தியே வந்துருச்சு. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே வியாதிதான்" என்று பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை.

முதலில் கொடுத்த தேதியில் பாப்பாவுக்கு மூக்கொழுகியது. சளி இருந்தால் மயக்க மருந்து கொடுக்க மாட்டார்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 2023 தை மாதம் மறுபடி போனோம். பால் ஆறு மணி நேரத்துக்கு முன்னால் நிறுத்த வேண்டும், வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்கு முன்பு வரை கொடுக்கலாம் என்று நேரம் போட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

முந்தின நாள் சாயங்காலம் வார்டுக்குள் நுழைந்ததும் பாப்பா அடங்கிப் போனாள். அழவில்லை. கையைப் பிடித்து இழுக்கவில்லை. நர்ஸ் கூப்பிட்டதும் தானாகப் போய் நின்றாள். வைத்த இட்லியை ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டாள். "இவ்வளவு சமத்தா ஒரு பிள்ளையா!" என்று பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் பாராட்டினார்கள். எனக்கும் முதலில் பெருமையாகத்தான் இருந்தது. ராத்திரி பத்து மணிக்கு விளக்கை அணைத்த பிறகு பார்த்தால், கண்ணைத் திறந்தபடியே மல்லாந்து கிடக்கிறாள். அந்த அறையை நானும் ஒரு தடவை சுற்றிப் பார்த்தேன். வரிசையாகக் கட்டில்கள், சீருடை போட்ட அக்காக்கள், டெட்டால் வாடை. நாங்கள் அவளை முதலில் பார்த்த அறையும் அப்படித்தான் இருந்தது. கொண்டுவந்து திரும்ப விட்டுவிட்டோம் என்று நினைத்திருக்கிறாள்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. விதியைப் பார்க்காமல் அவள் கட்டிலிலேயே ஏறிப் படுத்துக்கொண்டேன். "நாளைக்கு மருந்து போடுவாங்க. அப்புறம் நீ, நான், அப்பா, மூணு பேரும் பஸ் ஏறி நம்ம வீட்டுக்குப் போறோம். அப்பத்தா காத்துக்கிட்டிருக்கு" என்று எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது. ஒன்றரை மணிக்கு மேல் என் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு தூங்கினாள்.

ஆபரேஷன் பற்றி நான் சொல்ல அதிகம் இல்லை. வலது கண் முதலில், ஒரு வாரம் கழித்து இடது கண். புரையை உறிஞ்சி எடுத்துவிட்டு உள்ளே லென்ஸ் வைத்தார்கள். குழந்தைகளுக்கு லென்ஸ் பையின் பின்பக்கத்தையும் கொஞ்சம் திறந்துவிடுவார்களாம், இல்லாவிட்டால் சீக்கிரமே மறுபடி படலம் மூடிவிடுமாம். கண் இன்னும் வளரும் என்பதால் லென்ஸின் பவரையும் வேண்டுமென்றே குறைத்துத்தான் வைக்கிறார்கள், மீதியைக் கண்ணாடியால் ஈடுகட்டுகிறார்கள். மதுரையிலேயே 1992 முதல் ஆரோலேப் என்ற நிறுவனம் இந்த லென்ஸ்களைச் செய்கிறது. அதற்கு முன் வெளிநாட்டிலிருந்து வந்தபோது என்ன விலை இருந்தது என்று மாமியார் தலைமுறைக்காரர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

மயக்கம் தெளியும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கெஞ்சிக் கேட்டிருந்தேன், விட்டார்கள். ஒரு கண்ணில் கட்டு, ஓட்டை ஓட்டையான பிளாஸ்டிக் மூடி. கத்தினாள், கட்டைப் பிய்க்கப் பார்த்தாள், என் கன்னத்தில் அறைந்தாள். முந்தின நாள் அவ்வளவு சமத்தாக இருந்தவள் இப்படி அழுததைப் பார்த்து எனக்கு உயிர் வந்தது. அழுதால் கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்த பிள்ளைதான் அப்படி அழும்.

வீட்டுக்கு வந்ததும் சொட்டு மருந்து மாமியாரின் இலாகா. முதல் வாரம் மணிக்கணக்குப் பார்த்து ஊற்ற வேண்டும். அவர்களுக்கு எழுத்துத் தெரியாது, ஒவ்வொரு தடவை ஊற்றியதும் அடுப்படிச் சுவரில் கரியால் ஒரு கோடு போட்டார்கள். தலைக்கு ஊற்றக் கூடாது, மண்ணில் விடக் கூடாது, கசக்க விடக் கூடாது.

ஒரு மாதம் கழித்துக் கண்ணாடி வந்தது. வைத்த லென்ஸ் நம் சொந்த லென்ஸ் போலத் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் மாறிக்கொள்ளாது. அதனால் அந்தச் சின்ன மூக்குக்கு, தூரத்துக்கும் கிட்டத்துக்கும் தனித்தனிப் பவர் உள்ள பைஃபோகல் கண்ணாடி. மறுநாள் காலை நான் கோலம் போட்டுவிட்டு எழுந்தேன். அதுவரை தினமும் கோலத்தின் மேலேயே நடந்து வருகிறவள், படியில் நின்றுவிட்டாள். குனிந்து பார்த்தாள். பாவாடையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஓரமாகச் சுற்றி, ஒரு கோட்டையும் மிதிக்காமல் தெருவுக்கு இறங்கினாள். நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

சரி, கஷ்டமான பகுதி அதற்குப் பிறகுதான். வலது கண் பின்தங்கியிருந்ததால் இடது கண்ணை ஒட்டுப் போட்டு மூடி, தினமும் இரண்டு மணி நேரம் வலது கண்ணை வேலை வாங்கச் சொன்னார்கள். நன்றாகத் தெரிகிற கண்ணை அம்மாவே மூடினால் எந்தக் குழந்தைதான் ஒப்புக்கொள்ளும்? முதல் பத்து நாள் யுத்தம். என்னைக் கண்டாலே கட்டிலுக்கடியில் போய் ஒளிந்தாள். இப்போதுதானே அம்மா என்று கூப்பிட ஆரம்பித்திருக்கிறாள், இதனால் என்னை வெறுத்துவிடுவாளோ என்று குளியலறையில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். மாமியார்தான் பரணிலிருந்து பல்லாங்குழியை இறக்கினார்கள். ஒட்டுப் போட்டால்தான் பல்லாங்குழி, எடுத்துவிட்டால் பல்லாங்குழியும் மேலே போய்விடும். ஒற்றைக் கண்ணால் புளியங்கொட்டையை ஒவ்வொன்றாகக் குழியில் போடுவாள், கூடவே உட்கார்ந்திருப்போம், வாயில் போட்டுவிடக் கூடாதே. பசை தோலைப் புண்ணாக்கினால் தேங்காயெண்ணெய் தொட்டு மெதுவாக உரியுங்கள், எண்ணெய் கண்ணுக்குள் போகாமல்.

கோயம்புத்தூர் அப்பா:

சகோதரி, அந்த வார்டு ராத்திரியைப் படித்துவிட்டு எழுந்து போய் என் பையனைப் பார்த்துவிட்டு வந்தேன்.

எங்களுக்கு மாறுகண். 2016-ல் நீதிமன்ற உத்தரவோடு வந்தான், நான்கு வயதில் ஆபரேஷன். இரண்டு வாரம் கண் ரத்தச் சிவப்பாக இருந்தது, பயந்துவிடாதீர்கள், அது வடிந்துவிடும். கண்ணை நேராக்கிவிட்டார்களே, இனி கண்ணாடி எதற்கு என்று நாங்களே நிறுத்திவிட்டோம். அது பெரிய தப்பு. கண் மறுபடி ஒரு பக்கமாகத் திரும்ப ஆரம்பித்துவிட்டது. கண்ணாடியைத் திரும்பப் போட்ட பிறகுதான் கட்டுக்குள் வந்தது.

ஆறு வயதில் ஒருநாள் பழைய போட்டோவைப் பார்த்துவிட்டு, "கண்ணு இப்படி இருந்ததாலதான் என்னை விட்டுட்டுப் போனாங்களா?" என்று கேட்டான். என்னென்னவோ பதில் தயார் செய்து வைத்திருந்தேன், ஒன்றும் வாயில் வரவில்லை. "அது எனக்குத் தெரியாதுடா. ஆனா நாங்க உன்னைத் தூக்கிட்டு வர வந்தப்ப உன் கண்ணு இப்படித்தான் இருந்துச்சு" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு விளையாடப் போய்விட்டான்.

ஓய்வுபெற்ற நர்ஸ், திருநெல்வேலி:

குழந்தைகள் கண் வார்டில் பல வருஷம் இருந்தேன். தத்தெடுத்த பிள்ளை என்றால் வார்டு சிஸ்டரிடம் மட்டுமாவது முதலிலேயே காதோடு சொல்லிவிடுங்கள். நாங்கள் ஊருக்குச் சொல்ல மாட்டோம். அம்மா கட்டின பழைய சேலை ஒன்றைத் துவைக்காமல் கொண்டு வந்து பக்கத்தில் போடுங்கள், மயக்கம் தெளியும்போது அந்த வாசனை போதும். வீட்டுக்குப் போன பிறகு கண் திடீரென்று சிவந்தாலோ, சீழ் வந்தாலோ, வீங்கினாலோ, வாந்தியோடு கண்ணைத் திறக்காமல் அழுதாலோ, காலை வரை காத்திருக்காமல் ராத்திரியே வாருங்கள். இன்னொன்று. சின்ன வயதில் புரை எடுத்த கண்ணுக்குப் பின்னாளில் கண் அழுத்தம் கூடலாம். வருஷங்கள் கழித்தும் வரலாம். வலியே இல்லாமல் பார்வையைத் தின்றுவிடும். நன்றாகத்தானே தெரிகிறது என்று பரிசோதனையை விட்டுவிடாதீர்கள், பிள்ளை வளர்ந்து பெரிய ஆளான பிறகும்.

விழுப்புரத்திலிருந்து:

நாங்கள் தத்தெடுப்புக்கான மத்திய அரசு அமைப்பான காராவின் பட்டியலில் பதிவு செய்திருக்கிறோம். சிறப்புத் தேவை உள்ள குழந்தைகள் பகுதியில் ஒரு பெண் குழந்தை, பத்து மாதம், 'இரு கண்ணிலும் புரை' என்று மட்டும் இருக்கிறது. என் கணவருக்குச் சம்மதம். எனக்குத்தான் பயமாக இருக்கிறது. முழுப் பார்வை வந்துவிடுமா அக்கா?

திண்டுக்கல் அம்மா:

தங்கச்சி, வந்துவிடும் என்று நான் சொன்னால் அது பொய்யாகப் போய்விடலாம். அந்த அறிக்கையை எடுத்துக்கொண்டு குழந்தைகள் கண் டாக்டர் ஒருவரை இந்த வாரமே பாருங்கள். புரை எவ்வளவு மறைக்கிறது, கண் ஆடிக்கொண்டே இருக்கிறதா, விழித்திரை ஸ்கேன் எடுத்தார்களா, காதும் இதயமும் பார்த்தார்களா, இதையெல்லாம் இல்லத்தில் கேட்டு வாங்குங்கள். முழுக்க மறைக்கிற புரையாக இருந்து பத்து மாதம் அப்படியே போயிருந்தால் பார்வை ஓரளவுதான் வரும். அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். நீங்கள் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அந்தக் குழந்தைக்கு உடனே ஆபரேஷன் நடக்க வேண்டும். அதை மட்டும் இல்லத்தில் கேட்காமல் விட்டுவிடாதீர்கள், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

எங்கள் மகளுக்கு இப்போது ஐந்து வயது. முழுப் பார்வை 6/6 என்றால், கண்ணாடியோடு இடது கண் 6/9, வலது கண் 6/18. வலது கண் இதற்கு மேல் எவ்வளவு ஏறும் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை, ஒட்டு இன்னும் தொடர்கிறது. இப்போது அவளே ஒட்டிக்கொள்கிறாள். இன்று சாயங்காலம் அப்பத்தாவுக்கும் ஒரு கண்ணில் ஒட்டிவிட்டு, இரண்டு பேரும் பல்லாங்குழிக்கு உட்கார்ந்திருக்கிறார்கள். அப்பத்தா ஒரு கொட்டையைக் குழி மாற்றிப் போட்டுவிட்டார்களாம், உள்ளேயிருந்து சத்தம் வருகிறது. போய்ப் பார்க்கிறேன்.