படகு மெத்தையும் இடி மின்னலும்: அவரவர் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தெற்குவாசல் குஷன்காரர்:
வேன் சீட், சோபா என்று தைத்துக்கொண்டிருந்த கடைக்கு, ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்தில் பாய்மரப் படகு வைத்திருக்கும் நம்ம ஊர் டாக்டர் ஒருவர் பழுப்புத் தாளைச் சுருட்டிக்கொண்டு வந்தார். முன்பக்கப் படுக்கையின் அளவாம், முக்கோணமாக இருந்தது. இது மேல் அளவா அடி அளவா என்றேன், ஏனென்றால் படகின் பக்கச் சுவர் நேராக நிற்காது, கீழே போகப் போக உள்ளே சரியும், ஃபோமின் ஓரத்தையும் அதே சரிவில் அறுக்காவிட்டால் மெத்தை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். இரண்டும் எடுத்து வாருங்கள் என்று அனுப்பினேன்.

துணிக்கு ரெக்சின் போதும் என்றார். மதுரை வெயிலில் நிறுத்திய பைக் சீட்டில் உட்கார்ந்தவர்களுக்கு அதைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. வெளியே உட்காரும் இடத்துக்கு, இழையாகும்போதே சாயம் ஏற்றிய சன்பிரெல்லா மாதிரி அக்ரிலிக் துணிதான் சரி. விலை கூடத்தான், ஆனால் லேசில் வெளுக்காது. பருத்தி நூல் ஈரத்தில் இற்றுவிடும், அதனால் பாலியஸ்டர் நூல், ஜிப்புக்குப் பிளாஸ்டிக் பல். ஃபோமை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள், காற்று மறுபக்கம் போனால் அது தண்ணீரையும் குடிக்கும். அந்த ரகம் உள்ளே படுக்க, நாலு இஞ்ச். காற்றே போகாத ரகம் மேலே உட்கார, இரண்டு இஞ்ச். கொஞ்சம் கட்டையாக இருக்கும், ஆனால் ஊறாது.

எல்லாம் பேசி முடித்து அட்வான்ஸ் கொடுக்கும்போது கேட்டாரே ஒரு கேள்வி: "அடியில கனமா ரப்பர் ஷீட் வச்சுத் தச்சிருங்க, இடி விழுந்தாலும் ஆளுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" நான் தைக்கிறவன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அனுப்பானடி எலக்ட்ரீஷியன்:
அண்ணே, ரப்பருக்குப் போடுவது வீண் காசு. மேகத்திலிருந்து கிலோமீட்டர் கணக்கில் காற்றைப் பிளந்துகொண்டு வருவதற்கு உங்கள் நாலு இஞ்ச் ஒரு தடையா? படகில் உயரமாக நிற்பது பாய்மரம், பெரும்பாலும் அதில்தான் இறங்கும், இறங்கினால் கடலுக்குப் போக நேர்வழி வேண்டும். அமெரிக்கப் படகுத் தரவிதியில் 4ஆம் நம்பர் கேஜ் செம்புக் கம்பி, சுமார் 21 ஸ்கொயர் எம்எம், நம் கடைகளில் 25 வாங்கிக்கொள்ளலாம். அதைப் பாய்மரத்தின் அடியிலிருந்து வளைவு நெளிவு இல்லாமல் கொண்டுபோய், தண்ணீருக்குள் இருக்கும் உலோகத் தகட்டில் சேர்க்கவேண்டும். உப்புத் தண்ணீரில் குறைந்தது ஒரு சதுர அடித் தகடு. இதையே வைகை அணையிலோ கொடைக்கானல் ஏரியிலோ நம்பக்கூடாது, நல்ல தண்ணீரில் மின்சாரம் அவ்வளவு எளிதாகப் பாயாது. வழி சரியில்லை என்றால் மின்னல் குறுக்கே தாவும், ஆள் மேலே தாவலாம், படகின் அடியையும் ஓட்டை போடலாம்.

கோபுரக் கலசத்தில் வரகு இருப்பதால் இடி தாங்கும் என்று வாட்ஸப்பில் சுற்றுகிறதே, அங்கேயும் நான் கேட்பது இதுதான், கம்பி மண்ணுக்கு இறங்குகிறதா? சண்டைக்கு வராதீர்கள்.

மண்டபம் போய்வருபவர்:
ஐப்பசியில் மதியத்துக்கு மேல் பாக் நீரிணைப் பக்கம் கருத்தால் எங்கள் படகோட்டி அண்ணன் பேச்சே இல்லாமல் பாயை இறக்கிவிடுவார். போன வருஷம் கரை சேர்வதற்குள் பிடித்துக்கொண்டது. கூட வந்த பெரியப்பா "அர்ஜுனா, அர்ஜுனா" என்று சொல்லிக்கொண்டே பிடிமானத்துக்குப் பாய்மரத்தையே கட்டிக்கொண்டார்! அண்ணன் அவர் கையைப் பிரித்து உள்ளே இழுத்து வந்தார். அங்கே பெரியப்பா பக்கவாட்டுச் சாய்வு மெத்தையில் சாயப்போக, அதுவும் வேண்டாம் என்று மெத்தையை விலக்கிக் காட்டினார். பின்னால் ஒரு எஃகுப் பட்டை. பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பி வந்து முடிவது அதில்தான், மின்னல் அந்த வழியாகவும் வருமாம். எல்லோரும் நடுவில் குறுகி உட்கார்ந்தோம். ரேடியோவின் ஆண்டெனா ஒயரைக் கழற்றிவிட்டு, போன்களை எவர்சில்வர் சம்படத்தில் போட்டு மூடினோம். கடைசி இடிச் சத்தத்துக்கு அப்புறம் அரை மணி நேரம் யாரையும் மேலே விடவில்லை. இப்போதெல்லாம் புனே வானிலை ஆய்வு நிறுவனத்தின் தாமினி என்ற மின்னல் எச்சரிக்கை ஆப்பைப் பார்க்காமல் கிளம்புவதில்லை.

இன்னொன்று, கடல் தண்ணீரில் நனைந்த மெத்தையை வெறுமனே காயவைத்தால் ராத்திரி மறுபடி பிசுபிசுக்கும், உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். நல்ல தண்ணீரில் அலசித்தான் ஆகவேண்டும்.

போடிக்காரன்:
எங்கள் ஊர் இலவம்பஞ்சை விட்டுவிட்டீர்களே! அந்தக் காலத்தில் உயிர்காக்கும் மிதவைச் சட்டைக்கும் படகு மெத்தைக்கும் உள்ளே அடைத்தது இலவம்பஞ்சுதான். இழையில் மெழுகுப் பூச்சு இருப்பதால் தண்ணீர் லேசில் ஏறாது. ஆனால் வருஷக்கணக்கில் மேலே உட்கார்ந்து நசுக்கினால் மிதப்பு போய்விடும், அதனால்தான் ஃபோம் வந்ததும் ஒதுங்கிவிட்டது. வீட்டுத் தலையணைக்கு இன்னும் அதுதான் ராஜா.

தெற்குவாசல் குஷன்காரர்:
ரொம்ப நன்றி. டாக்டரிடம் பேசிவிட்டேன், ரப்பர் கிடையாது. சாய்வு மெத்தையை இரண்டு துண்டாக்கி, பட்டை இருக்கும் இடத்தைக் காலியாக விடுகிறேன், அங்கே யாரும் சாயமாட்டார்கள். எர்த் வேலைக்கு ஆள் பார்க்கிறாராம், அனுப்பானடித் தம்பி விருப்பமிருந்தால் கடைப்பக்கம் வாருங்கள். துணி மட்டும் வெள்ளைதான் வேண்டுமாம், அழுக்கு தெரியும் சார் என்றால் கேட்கமாட்டேன் என்கிறார்.