931 ஏன் வருகிறது என்று தெரியாதவர் கணினி விற்கப் பயிற்சி தரலாமா?

பைட்டுக்கணக்கு:
கணினி விற்பனைப் பணிக்கு வருபவர்களுக்குப் பயிற்சி தரும் 'விற்பனைமேடை' அவர்கள் இந்தக் கருத்துக்களத்தின் வேறோர் இழையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாய்மூடி இருக்க முடியவில்லை. 1 டிபி (டெராபைட்) சேமிப்பு டிரைவ் விண்டோஸில் 931 ஜிபி (ஜிகாபைட்) என்று காட்டுவது ஏன் என வாடிக்கையாளர் கேட்டால், மீதி இடத்தை விண்டோஸ் எடுத்துக்கொண்டது என்று சொன்னாலே போதுமாம். அதற்கு மேல் விற்பனையாளருக்கு வன்பொருள் பாடம் நடத்துவது வீண் வேலையாம். இதைச் சுருக்கமான விடை என்று ஏற்க முடியாது, இது தவறான விடை. தயாரிப்பாளர் 1 டிபி என்று அச்சிடுவது ஒரு லட்சம் கோடி பைட்டுகளை. விண்டோஸ் 1024 × 1024 × 1024, அதாவது 107,37,41,824 பைட்டுகளை ஒரு ஜிபி எனக் கொண்டு அதே எண்ணிக்கையை வகுப்பதால் 931 வருகிறது. ஒரு பைட்டும் எங்கும் போகவில்லை. எதுவுமே நிறுவப்படாத புதிய டிரைவை இரண்டாவது டிரைவாக இணைத்தாலும் இதே 931தான் காட்டும். அதில் எந்த விண்டோஸ் குடியேறியது என்று அவர் விளக்கினால் நானும் கற்றுக்கொள்வேன்.

விற்பனைமேடை:
ஐயாவுக்கு வணக்கம். என் பெயரைத் தலைப்பில் ஏற்றாமல் விட்ட பெருந்தன்மைக்கு நன்றி. தங்கள் வகுத்தல் கணக்கில் எனக்கு எந்தத் தகராறும் இல்லை. ஆனால் நான் பயிற்றுவிப்பது கணித ஆசிரியர்களை அன்று. வாங்கும் மனநிலையில் எதிரே நிற்பவரிடம் 1024இன் அடுக்குகளைத் தொடங்கினால், அவர் அடுத்த கடைக்கு நடையைக் கட்டிவிடுவார். தவிரவும், விண்டோஸ் நிறுவப்பட்டு வரும் மடிக்கணினியில் டிரைவில் தனியே பிரித்து ஒதுக்கிய மீட்புப் பகிர்வு, துவக்கப் பகிர்வு, விண்டோஸ் கோப்புகள் எல்லாம் இடம் பிடிக்கத்தான் செய்கின்றன. ஆகவே நான் சொன்னது முழுப்பொய் ஆகாது. என்ன வேலைக்கு, எந்த மென்பொருளுக்கு, கையில் எடுத்துச் செல்லவா மேசையில் வைக்கவா, எத்தனை ஆண்டு ஓட வேண்டும் என்று கேட்கத் தெரிந்தவரே விற்பனையாளர். என் பயிற்சி அதைத்தான் தருகிறது.

திருகாணி:
விற்பனையாளர்கள் சொன்ன சொல்லுக்கெல்லாம் பின்னால் பழுதுபார்க்கும் மேசையில் பதில் சொல்பவன் நான். ஆகவே ஒன்று சொல்கிறேன். பயிற்சிக்கு வருபவர் ஒவ்வொருவரும் தம் கையால் ஒரு கேபினெட்டைத் திறந்து, ரேமைக் கழற்றி, கிளிப் பூட்டும் சத்தம் கேட்கும்வரை திரும்ப அழுத்தி மாட்டிப் பார்க்க வேண்டும். டிடிஆர்4 ரேமின் அடிவிளிம்பு வெட்டும் அதற்கடுத்த தலைமுறையான டிடிஆர்5 ரேமின் வெட்டும் வேறு வேறு இடத்தில் இருப்பதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர், எந்த ரேம் வாங்கினாலும் பொருந்தும் என்று ஆயுளுக்கும் சொல்லமாட்டார்.

புதுமுகம்:
அடுத்த மாதம் இத்தகைய பணியில் சேர இருக்கிறேன். அடிப்படைப் பயிற்சி என்று இங்கே எல்லோரும் சொல்வதில் எவையெவை அடங்கும் என்பதை முதலில் யாராவது வரையறுத்துச் சொன்னால் என் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும்.

பைட்டுக்கணக்கு:
ரேம் பிறகு வரட்டும், திருகாணி. முதலில் 931.

'முழுப்பொய் ஆகாது' என்ற சொற்றொடரை நான் மிகவும் ரசித்தேன். பார்ப்போம். விண்டோஸ் தானாக உருவாக்கும் துவக்கப் பகிர்வு பொதுவாக 100 எம்பி (மெகாபைட்), அதாவது ஏறத்தாழ ஒரு ஜிபியில் பத்தில் ஒரு பங்கு அளவினது. மீட்புப் பகிர்வும் பெரும்பாலும் ஒரு ஜிபியைத் தாண்டுவதில்லை. 1000க்கும் 931க்கும் இடையே இருப்பதோ 69. அந்த 69ஐ இவற்றால் நிரப்பிக் காட்டுங்கள். விண்டோஸ் கோப்புகள் என்று அடுத்து அடுக்கினீர்கள்; அவை குறைப்பது டிரைவில் எஞ்சியுள்ள இடத்தை, மொத்தக் கொள்ளளவை அன்று. மொத்தம் எது, மீதி எது என்ற வேறுபாடு தெரியாமலே ஒருவர் பயிற்சியாளராக இருக்க முடிகிறது என்பது இத்துறைக்கு நல்ல விளம்பரம். மேக் கணினிகள் 2009இல் வந்த 10.6 பதிப்பிலிருந்து பத்தின் அடுக்குகளிலேயே கணக்கிடுகின்றன. அதே டிரைவை அங்கே செருகினால் 1 டிபி என்றே காட்டும். மேக் மட்டும் இடமே எடுத்துக்கொள்ளாத துறவியா?

அதற்கும் மேலே ஒரு கேள்வி. 8 ஜிபி ரேம் வாங்கியவருக்கு விண்டோஸ் அதை 8 ஜிபி என்றே காட்டுகிறதே, அங்கே ஏன் 7.45 என்று சுருங்கவில்லை? ரேமைத் தயாரிப்பவர்கள் 1024இன் கணக்கில் தயாரிக்கிறார்கள், டிரைவைத் தயாரிப்பவர்கள் 1000இன் கணக்கில் அச்சிடுகிறார்கள் என்ற ஒற்றை வரி தெரிந்திருந்தால் இரண்டுக்கும் சேர்த்தே விடை கிடைத்திருக்கும். அந்த ஒற்றை வரியைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? உங்கள் பொய்யைச் சொல்ல ஆகும் அதே நேரம்தான்.

இது நானாகக் கிளப்பிய பூதம் என்றும் எண்ண வேண்டாம். இதே கணக்கு வேறுபாட்டுக்காகத் தொடரப்பட்ட வழக்குகளை வெஸ்டர்ன் டிஜிட்டல் 2006இலும் சீகேட் 2007இலும் சமரசம் செய்து முடித்தன. ஒரு ஜிபி என்பது நூறு கோடி பைட்டுகள் என்று டிரைவ் பெட்டிகளில் பொடி எழுத்தில் இருக்குமே, அதைப் படிக்கக் கற்றுத்தராத பயிற்சியை என்னவென்று சொல்வது?

திருகாணி:
8 என்றே காட்டும் என்று அடித்துச் சொல்லியிருக்கிறீர்கள். கிராபிக்ஸ் பகுதி பிராசஸருக்குள்ளேயே இருந்து ரேமில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும் கணினிகளில், நிறுவப்பட்டது 8 எனவும் பயன்படுத்தத்தக்கது 7.8 எனவும் அதே திரையில் காட்டும். கணக்கு மட்டும் தெரிந்து பலகையைப் பார்க்காவிட்டால் இப்படித்தான்.

பைட்டுக்கணக்கு:
நிறுவப்பட்டது 8 என்று காட்டுவதைத்தான் நானும் சொன்னேன். வன்பொருளுக்காக ஒதுக்கப்பட்டதைக் கழித்த எண் வேறு. என்னைத் திருத்த வந்தவர் என் கூற்றையே உறுதி செய்திருக்கிறார்.

விற்பனைமேடை:
அவர்கள் இருவரும் 0.2 ஜிபிக்காக மல்லுக்கட்டும் நேரத்தில் என் மாணவர் இரண்டு மடிக்கணினிகளை விற்று முடித்திருப்பார். நீங்கள் சொன்ன அந்த வழக்குகளுக்குப் பிறகும் நிறுவனங்கள் 1 டிபி என்று அச்சிடுவதை நிறுத்தவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கலாம். வாடிக்கையாளர் இன்று கேட்பது வேறு. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. என் பழைய கணினியில் விண்டோஸ் 11 ஏறுமா என்பதுதான் அவர்களுடைய கவலை. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புக் கூறு வேண்டும், பிராசஸர் ஆதரவுப் பட்டியலில் இருக்க வேண்டும், 4 ஜிபி ரேமும் 64 ஜிபி சேமிப்பிடமும் வேண்டும் என்று என் மாணவர்கள் மளமளவென்று சொல்வார்கள். கணினியோடு வரும் ஓஇஎம் உரிமம் பொதுவாக அந்தக் கணினியோடே முடிந்துவிடும், தனியாக வாங்கும் சில்லறை உரிமத்தை வேறு கணினிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். மென்பொருள் பாடத்தில் இவ்வளவு இருக்கும்போது எனக்கு எதற்கு 931?

பைட்டுக்கணக்கு:
64 ஜிபி வேண்டும் என்று உங்கள் வாயாலேயே சொல்லிவிட்டீர்கள், மிக்க நன்றி. 64 ஜிபி என்று அச்சிட்ட சேமிப்பகத்தை அதே விண்டோஸ் ஏறத்தாழ 59 என்று காட்டும். இந்தக் கணினி தகுதி பெறுமா, பெறாதா என்று வாடிக்கையாளர் கேட்டால் உங்கள் மாணவர் மளமளவென்று என்ன சொல்வார்? விண்டோஸுக்கு இடம் போதாது, ஏனெனில் விண்டோஸ் இடத்தை எடுத்துக்கொண்டது என்பாரா? 931 தெரியாதவருக்கு 59உம் தெரியாது.

போன ஆண்டு எம்.2 (எஸ்எஸ்டி சேமிப்பகத்தின் ஒரு வடிவம்) பற்றிய இழையிலும் இவர் இப்படித்தான் நழுவினார் என்பது பழைய உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும். எம்.2 எஸ்எஸ்டி போட்டால் வேகம் பல மடங்கு கூடும் என்று எழுதிவிட்டு, மெதுவான சாட்டா வகையா வேகமான என்விஎம்இ வகையா என்று நான் கேட்டதும் ஆளையே காணோம்.

விற்பனைமேடை:
பழைய ஹார்டு டிஸ்க்கோடு ஒப்பிட்டால் கூடும் என்று எழுதினேன். முதல் பாதியை வெட்டிவிட்டு மேற்கோள் காட்டுவது தங்களுக்குக் கைவந்த கலை. நான் காணாமல் போகவும் இல்லை. பிழைப்பு என்று ஒன்று சிலருக்கு உண்டு.

திருகாணி:
அந்த எம்.2 விவகாரத்துக்கும் கேபினெட்டைத் திறந்து பார்ப்பதுதான் மருந்து. எம்.2 என்பது வடிவம் மட்டுமே. சாட்டா வகை என்றால் நொடிக்கு 550 எம்பி அளவில் நின்றுவிடும், மதர்போர்டின் பிசிஐஇ 3.0 இணைப்பு வழியாக நான்கு தடங்களில் ஓடும் என்விஎம்இ 3,500 எம்பி வரை போகும். சில ஸ்லாட்டுகள் ஒரு வகையை மட்டுமே ஏற்கும். மதர்போர்டையே கண்ணால் காணாமல் இதையெல்லாம் வகுப்பில் மனப்பாடம் செய்வது, கரையில் நின்று நீச்சல் பழகுவதற்குச் சமம்.

சான்றிதழாளர்:
கம்ப்டியா என்ற அமைப்பின் ஏ+ சான்றிதழை எல்லோருக்கும் கட்டாயமாக்கினால் இந்தச் சண்டையே தேவைப்படாது. 1993இல் தொடங்கிய சான்றிதழ் அது. முதல் தேர்வு வன்பொருள், வலையமைப்பு முதலியவற்றையும், இரண்டாவது இயங்குதளம், பாதுகாப்பு முதலியவற்றையும் சோதிக்கிறது. நான் இரண்டிலும் தேர்ச்சி பெற்றவன் என்பதைத் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை.

விற்பனைமேடை:
தற்பெருமைக்காக அல்ல என்பது தங்கள் பெயரைப் பார்த்தாலே புரிகிறது. அந்தச் சான்றிதழ் தொழில்நுட்ப ஆதரவுப் பணிக்கானது. விற்பனையாளர் எதற்கு அதற்குப் பணமும் காலமும் செலவழிக்க வேண்டும்?

பைட்டுக்கணக்கு:
ஆதரவுப் பணிக்கான சான்றிதழ் என்பதில் மட்டும் விற்பனைமேடை சொல்வது தற்செயலாகச் சரியாக அமைந்துவிட்டது. திருகாணிக்கும் ஒன்று. மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டு வருகிறது. அங்கே திறந்து பார்த்து எதைக் கழற்றுவீர்கள்? பின்னாளில் கூட்ட முடியாது, இப்போதே 16 ஜிபியாக வாங்குங்கள் என்று சொல்லத் தெரிய வேண்டும். அது விவரத்தாளைப் படிப்பதால் வருவது, ஸ்க்ரூடிரைவரால் வருவதன்று. படிக்கும் பழக்கம் இருப்பவர் பெட்டியின் பொடி எழுத்தையும் படிப்பார், 931ஐயும் விளக்குவார்.

திருகாணி:
பற்றவைத்த ரேம் எப்படி இருக்கும் என்று எத்தனை விற்பனையாளர்கள் பார்த்திருக்கிறார்கள்? விவரத்தாளில் அச்சுப்பிழையே வராதா?

நெறியாளர்:
உறுப்பினர்கள் தனிநபர் கிண்டலைக் குறைத்துக்கொள்ளவும். புதுமுகம் கேட்டபடி, அடிப்படைப் பயிற்சி என்றால் என்ன என்று முதலில் முடிவு செய்துவிட்டுத் தொடர்ந்தால் நல்லது.

பைட்டுக்கணக்கு:
நெறியாளரின் அறிவுரையை மதிக்கிறேன். ஆனால் மீட்புப் பகிர்வால் 69 ஜிபி குறைகிறது என்பதற்கான கணக்கு இன்னும் வந்து சேரவில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

விற்பனைமேடை:
69 என்று நான் எங்கும் எழுதவில்லை. வாயில் சொல்லைத் திணிக்காதீர்கள்.

திருகாணி:
சரி, எழுதியதையே கேட்கிறேன். யூஎஸ்பி-சி கேபிள் இருந்தால் மானிட்டரை இணைத்துவிடலாம் என்று சென்ற மாதம் எழுதினீர்களா, இல்லையா? யூஎஸ்பி-சி என்பது துளையின் வடிவம். அந்தத் துளை வீடியோவை அனுப்புமா, சார்ஜ் மட்டும் ஏற்குமா என்பது கணினிக்குக் கணினி மாறும். கேபிளுக்குக் கேபிளும் மாறும். அந்தப் பேச்சை நம்பி வாங்கிய ஒருவர் கேபிளும் கையுமாக என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

விற்பனைமேடை:
அவருக்கு அதை விற்றது என் மாணவர்தான் என்பதற்கு என்ன ஆதாரம்? பணி முடிந்து போகும்போது கேபிளை மாற்றிக் கொடுத்தது உங்கள் மேசையாகக்கூட இருக்கலாம்.

திருகாணி:
அதை இன்னொரு முறை எழுதுங்கள் பார்க்கலாம். நெறியாளர் இதைப் படிக்கிறாரா?

சான்றிதழாளர்:
யூஎஸ்பி-சி பற்றிய கேள்விகளும் அந்தத் தேர்வில் வருகின்றன என்பதை இங்கே நினைவூட்டுகிறேன்.