ஆல்டர்னேட்டர் மாற்றியபின் ஆர்பிஎம் மீட்டர் கூடுதலாகக் காட்டுகிறது

துவாஸ்_கிரேன்லாரி:
அண்ணன்மார்களே, என்னுடையது 24 வோல்ட் பழைய டீசல் லாரி, பின்னால் கிரேன். போன மாதம் ஆல்டர்னேட்டர் (எஞ்சின் பெல்ட்டில் சுற்றி மின்சாரம் தருவது) போய்விட்டது, பட்டறையில் ரீகண்டிஷன் ஒன்று போட்டார்கள். அதிலிருந்து ஆர்பிஎம் மீட்டர் முள் எஞ்சின் சுற்றைக் கூடுதலாகக் காட்டுகிறது. கிராங்க் புல்லியில் ஸ்டிக்கர் ஒட்டி லேசர் டாக்கோமீட்டரில் பார்த்தேன்: ஐடிலில் 640, மீட்டரில் 730. பிடிஓ (எஞ்சின் சக்தியைக் கிரேனுக்குக் கொடுக்கும் இணைப்பு) போட்டு 1,000-இல் வைத்தால் மீட்டர் 1,140. மழையில் ஹெட்லைட், வைப்பர் எல்லாம் போட்டால் முள் இறங்கி ஆடுகிறது. மீட்டரை மாற்று என்கிறது பட்டறை. சிஓஇ (சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) முடிய ஒன்றரை வருடம்தான், இதற்குப் போய்ச் செலவு செய்வதா?

காக்கிபுக்கிட்_வயர்மேன்:
மீட்டர்மேல் பழி போடாதீர்கள் தம்பி. டீசலில் இக்னிஷன் காயில் கிடையாது, உங்கள் வண்டியில் சிக்னல் ஆல்டர்னேட்டரின் டபிள்யூ முனையிலிருந்து வருகிறது. அது எண்ணுவது ஆல்டர்னேட்டர் சுற்றுவதை, எஞ்சினை அல்ல. புல்லி சின்னதானால் அதே எஞ்சின் வேகத்தில் அது வேகமாகச் சுற்றும், மீட்டர் ஏமாந்துவிடும்.

உங்கள் கணக்கே காட்டிக்கொடுக்கிறது: 640-க்கு 730, 1,000-க்கு 1,140. இரண்டிலும் ஏறக்குறைய 1.14 மடங்கு. 80 மில்லிமீட்டர் புல்லி இருந்த இடத்தில் 70 வந்தால் இதே விகிதம்தான். ஆல்டர்னேட்டர் உள்ளே 12 காந்தத் துருவத்துக்குப் பதில் 16 வந்திருந்தால், ஒரு சுற்றுக்குச் சிக்னல் துடிப்பு கூடி, ஐடிலில் 850 தாண்டியிருக்கும். பழைய புல்லி இன்னும் பட்டறையில் கிடந்தால் கேட்டு வாங்கி, தண்டுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

மழையில் இறங்குவது பெல்ட் வழுக்குவது. லோடு ஏறும்போதுதானே ஆடுகிறது? முதலில் பெல்ட்டை இறுக்குங்கள்.

சுங்கை காடுட்_அண்ணாச்சி:
கிரேனுக்குத் துல்லியம் வேண்டுமென்றால் எஞ்சினோடு சுற்றும் ஃப்ளைவீல் பல்லில் மேக்னடிக் பிக்கப் (பற்கள் கடப்பதை எண்ணும் காந்த சென்சர்) வையுங்கள். பெல்ட் வழுக்கினாலும் அதற்குக் கவலையில்லை. 120 பல் என்றால் 640-இல் 1,280 ஹெர்ட்ஸ் வரும், மீட்டர் அதை ஏற்குமா என்று பார்க்க வேண்டும். சென்சரைப் பல்லில் மெதுவாக முட்டும்வரை திருகி, அரைச் சுற்று பின்னால் எடுத்து லாக்நட் போடுங்கள். எஞ்சின் நின்றிருக்கும்போது மட்டும்! ஷீல்டு வயரில் ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். ஆனால் ஒன்றரை வருடத்துக்கு இது வேண்டாத வேலை.

துவாஸ்_கிரேன்லாரி:
பெல்ட்டை இறுக்கினேன், ஆட்டம் நின்றுவிட்டது. பழைய புல்லியைப் பட்டறையில் எடைக்குப் போட்டுவிட்டார்களாம். மீட்டர் பின்னால் ரப்பர் மூடிக்குள் ஒரு சின்ன ஸ்குரூ இருக்கிறது, அதைத் திருப்பலாமா?

காக்கிபுக்கிட்_வயர்மேன்:
அதுதான் அட்ஜஸ்ட்மெண்ட். லேசரை வைத்துக்கொண்டு 1,000-இல் சரி செய்யுங்கள், ஐடிலில் அல்ல. உங்களுக்கு வேலை அங்கேதானே.