தொட்டியில் தண்ணீர் இல்லை

அப்பா (7:10): கார்த்தி, நேற்று ஆள் வந்து புது ரவுட்டரை மாட்டிவிட்டுப் போனார். இன்று மோட்டார், கீசர், வாசல் விளக்கு எதுவுமே போனுக்குக் கட்டுப்படவில்லை. தொட்டி வறண்டு கிடக்கிறது.

அம்மா (7:12): மோட்டார் பிளக்கிலேயே ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்திவிட்டேன், ஓடுகிறது. நீங்கள் பேசி முடிக்கும்வரை நான் குளிக்காமல் இருக்க முடியாது.

கார்த்தி (7:20): ரவுட்டரோடு வைஃபையின் பெயரும் மாறிவிட்டது, அப்பா. நம் ஸ்மார்ட் பிளக்குகள் போனிலிருந்து வைஃபை வழியாகத்தான் கட்டளை வாங்கும். அவை இன்னும் பழைய பெயரைத்தான் தேடிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றையும் புதிதாக இணைத்தால் பொழுது போய்விடும். புது ரவுட்டருக்கே பழைய பெயரையும் பழைய கடவுச்சொல்லையும் வைத்துவிடுங்கள். ஓர் இடைவெளி கூடினாலும் சேராது.

அப்பா (7:24): பழைய கடவுச்சொல் யாருக்கு நினைவிருக்கிறது?

அம்மா (7:25): பால் கணக்குக் காலண்டரில், மார்ச் தாளின் பின்பக்கம். உங்கள் கையெழுத்துதான். அது 5 ஆ, S ஆ என்று என்னைக் கேட்காதீர்கள்.

சித்தப்பா (7:31): அண்ணா, ரவுட்டருக்குள் நுழைவதற்கான கடவுச்சொல் வேறு. அதன் அடியில் சீட்டு ஒட்டியிருக்கும், பாருங்கள்.

கார்த்தி (7:33): நுழைந்ததும் அதையும் மாற்றிவிடுங்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல் (வைரஸ் போன்ற கெட்ட மென்பொருள்), வாங்கியபோது இருந்த கடவுச்சொல்லையே வைத்திருந்த கேமராக்களையும் ரவுட்டர்களையும்தான் லட்சக்கணக்கில் பிடித்தது. அவற்றை ஏவிவிட்டு, அமெரிக்காவில் ட்விட்டர் உட்படப் பல தளங்களை ஒரு நாள் முடக்கினார்கள்.

அம்மா (7:35): நம் வாசல் கேமராவில் எதிர்வீட்டுப் பூனைதான் தெரியும்.

அப்பா (7:52): மாற்றிவிட்டேன். என் போன் உடனே சேர்ந்துகொண்டது. பிளக் மட்டும் நீல விளக்கை மினுக்கிக்கொண்டே இருக்கிறது.

கார்த்தி (7:54): ரவுட்டரில் பெயர் மாற்றிய பக்கத்தில் 2.4, 5 என்று இரண்டு அலைவரிசை இருக்கும். நீங்கள் 5க்கு மட்டும் பெயர் மாற்றியிருப்பீர்கள். போனுக்கு இரண்டும் தெரியும், நம் பிளக்குகளுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான். சுவர் தாண்டிக் கொல்லைப்புறம்வரை எட்டுவதும் அதுதான்.

சித்தப்பா (7:58): என்னிடம் ஒரு 6 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக் சும்மா கிடக்கிறது. எங்கள் கீசருக்குப் போடலாமா?

கார்த்தி (7:59): வேண்டாம் சித்தப்பா! 2000 வாட் கீசர் 9 ஆம்பியர்வரை இழுக்கும், பிளக் உருகிவிடும். 16 ஆம்பியர் வாங்குங்கள். இதை மேசை விளக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா (8:06): வாசல் விளக்கு வந்துவிட்டது! கீசரும் வந்துவிட்டது! மோட்டாரும்!

அம்மா (8:07): மோட்டாரை நிறுத்தியது யார்? தலையில் ஷாம்புவோடு நிற்கிறேன்.

அப்பா (8:07): சோதித்துப் பார்த்தேன். இதோ போடுகிறேன்.