எழுத்துப் பண்பு பார்க்க 11 லட்சம் இடம் கொண்ட அரே தேவையா?

இழைப்பான் (கேள்வி):
சி மொழியில் ஒரு டோக்கனைசர், அதாவது உரையைச் சொல் சொல்லாக வெட்டும் நிரல், எழுதிக்கொண்டிருக்கிறேன். உள்ளே வருவது யுடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடை பைட்டுகளாக எழுதும் முறை), எந்த மொழியும் வரலாம். ஒவ்வொரு எழுத்திடமும் மூன்று கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது: நீ எழுத்தா, இலக்கமா, முன்னால் இருப்பதோடு ஒட்டிக்கொள்ளும் குறியா. முதலில் இஃப்-எல்ஸ் அடுக்கினேன், நாற்பது வரி தாண்டியதும் எனக்கே புரியவில்லை. அப்புறம் யூனிகோடின் முழு நீளத்துக்கும், அதாவது 11,14,112 இடங்களுக்கும், ஆளுக்கு ஒரு பைட் என்று அரே போட்டேன். வேகமாக ஓடுகிறது, ஆனால் 1 எம்பிக்கு மேல் போகிறது. பிறர் எடுத்துப் பயன்படுத்தப்போகிற சின்ன லைப்ரரி இது, அதற்குள் இவ்வளவு பெரிய அட்டவணையைத் திணிக்க மனம் வரவில்லை. ஒவ்வொரு வகையும் தொடங்கி முடியும் எல்லைகளை மட்டும் வைத்து பைனரி சர்ச் (பாதி பாதியாக ஒதுக்கித் தேடுவது) செய்து பார்த்தேன், அளவு சுருங்கியது, பெரிய கோப்புகளில் தாமதம் கண்ணுக்கே தெரிகிறது. இரண்டுக்கும் நடுவில் வழி உண்டா?

பிட்நகர்த்தி:
உண்டு. இரண்டு அடுக்கு அட்டவணை. பைத்தானின் யூனிகோட் பண்புகள் உள்ளே இப்படித்தான் இருக்கின்றன.

உங்கள் பெரிய அரேயைத் திறந்து பாருங்கள், பெரும்பகுதி ஒரே மதிப்பு திரும்பத் திரும்ப வருவதுதான். 19968 முதல் 40959 வரை சீன எழுத்துகள், 20,992 இடம், அத்தனைக்கும் ஒரே வகை. யூனிகோடின் 17 தளங்களில் (சம அளவுப் பெரும்பிரிவுகளில்) 4 முதல் 13 வரை உள்ள பத்துத் தளங்களில் இன்னும் ஒரு எழுத்துகூட ஒதுக்கப்படவில்லை, அதுவே பாதிக்கு மேல். அரேயை 128 இடம் கொண்ட பக்கங்களாக வெட்டுங்கள், 8704 பக்கம் வரும். ஒரே மாதிரி இருக்கும் பக்கங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எறிந்துவிடலாம். எந்த இடத்துக்கு எந்தப் பக்கம் என்பதை முதல் அடுக்கு சொல்லும், பக்கங்கள் இருப்பது இரண்டாம் அடுக்கில். கீழே 'குறி' என்பது எழுத்தின் யூனிகோட் எண்.

பக்கம் = அடுக்கு1[குறி >> 7]
பண்பு = அடுக்கு2[(பக்கம் << 7) + (குறி & 127)]

'க' எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குறி 2965. ஏழு பிட் நகர்த்தினால், அதாவது 128ஆல் வகுத்தால், 23, மீதி 21. தமிழ்ப் பகுதி 2944 முதல் 3071 வரை என்பதால் 23ஆம் இடத்தில் அது சரியாகப் பொருந்துகிறது. 256 என்று வெட்டினால் ஒடியாவும் தமிழும் ஒரே பக்கத்தில் வந்து உட்காரும், அதனால் தவறு ஒன்றும் இல்லை, அளவு மட்டும் மாறும். எந்த அளவு நல்லது என்று நாம் யோசிக்க வேண்டாம், அட்டவணையை உருவாக்கும் நிரலே 5 பிட்டிலிருந்து 9 பிட் வரை எல்லாவற்றையும் போட்டுப் பார்த்து மிகச் சிறியதைத் தேர்ந்தெடுக்கட்டும்.

ஒரு எழுத்துக்கு இரண்டு வாசிப்பு, கிளை பிரிவது கிடையாது. பைனரி சர்ச்சில் பத்துப் பன்னிரண்டு ஒப்பீடு, ஒவ்வொன்றிலும் அடுத்து எந்தக் கிளை என்று பிராசஸர் முன்கூட்டியே தவறாக ஊகித்து நேரத்தை இழக்க வாய்ப்பு. நீங்கள் பார்த்த தாமதம் பெரும்பாலும் அதுதான்.

நிழல்பைட்:
மேலே சொன்னது சரி, ஆனால் அதற்கு முன் ஒன்று. குறி 128க்குக் கீழே என்றால் தனியாக 128 பைட் அட்டவணையில் பார்த்துவிட்டு உடனே வெளியே வந்துவிடுங்கள். இடைவெளி, இலக்கம், நிறுத்தக்குறி எல்லாம் பல மொழிக் கோப்புகளில் பெரும்பாலும் ஆஸ்கியில்தான் (அந்த முதல் 128 குறிகளில்) வருகின்றன. அந்த அட்டவணை பெரும்பாலான பிராசஸர்களில் இரண்டே கேஷ் வரிக்குள் (வேக நினைவகத்தின் சிறு துண்டுக்குள்) அடங்கிவிடும். அதே சமயம் சி மொழியின் சார் வகை சில கம்பைலர்களில் சைன்டு, அதாவது எதிர்ம எண்ணும் கொள்ளும், 127ஐத் தாண்டிய பைட் எதிர்ம எண்ணாகி அரேக்கு முன்னால் போய்ப் படிக்கும். அன்சைன்டாக மாற்றிய பிறகே இன்டெக்ஸ் செய்யுங்கள். மேல் எல்லையையும் பாருங்கள், 11,14,111ஐத் தாண்டிய குறி வந்தால் முதல் அடுக்கே உடையும்.

மூன்று பண்புக்கு மூன்று அட்டவணை போடாதீர்கள். ஒரு பைட்டில் எட்டு பிட் இருக்கிறது, ஒவ்வொரு பண்புக்கும் ஒரு பிட் கொடுத்தால் ஒரே வாசிப்பில் மூன்றுக்கும் பதில் கிடைக்கும். பண்புகள் பெருகி ஒரு பைட்டுக்குள் அடங்காமல் போனால் சேர்க்கைகளுக்கு எண் கொடுத்து அந்த எண்ணை மட்டும் பக்கத்தில் வையுங்கள், நடைமுறையில் வரும் சேர்க்கைகள் மிகக் குறைவு.

இழைப்பான்:
நேற்று இரவு உட்கார்ந்து எழுதிவிட்டேன், இரண்டு பேருக்கும் நன்றி. தமிழ், கிரேக்கம், அரபி எல்லாம் சரியாக வருகின்றன. ஆனால் சீன எழுத்துகளுக்கு மட்டும், முதல் ஒன்றையும் கடைசி ஒன்றையும் தவிர, 'ஒதுக்கப்படாதது' என்றே வருகிறது. பக்கங்களை ஒன்றாக்கும் இடத்தில் தவறு என்று நினைத்து அங்கேயே தேடிக்கொண்டிருக்கிறேன்.

பிட்நகர்த்தி:
அங்கே இல்லை, கோப்பைப் படிக்கும் இடத்தில் இருக்கிறது. யூனிகோட் தரும் முதன்மைத் தரவுக் கோப்பில் வரிக்கு ஒரு எழுத்து இருந்தாலும், சீன எழுத்துகள், கொரிய அசைகள் போன்ற பெரிய தொகுதிகளுக்கு இரண்டே வரிதான்: ஒன்று தொடக்கம், ஒன்று முடிவு. நடுவில் இருப்பதை நீங்கள்தான் நிரப்ப வேண்டும். நீங்களே விடையைச் சொல்லிவிட்டீர்கள், முதலும் கடைசியும் மட்டும் சரியாக வருகிறது என்று.

இன்னொன்று, தயவுசெய்து இதைச் செய்யுங்கள். உங்கள் பழைய 1 எம்பி அரேயை எறியாதீர்கள், சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். 0 முதல் 11,14,111 வரை ஒரு குறி விடாமல் இரண்டையும் ஒப்பிடுங்கள், கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். நான் ஒருமுறை முதல் அடுக்கை ஒரு பைட்டாக வைத்திருந்தேன். யூனிகோடின் அடுத்த பதிப்புக்கு அட்டவணையை மறுபடி உருவாக்கியபோது தனிப்பக்கங்கள் 256ஐத் தாண்டின, எண் சுற்றி மறுபடி 0, 1 என்று வந்தது, கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏதோ ஒரு மொழியின் எழுத்துகள் மட்டும் வேறொரு மொழியின் பண்புகளோடு பல வாரம் ஓடிக்கொண்டிருந்தன. யாரும் புகார் செய்யவில்லை என்பதே எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. அந்த மொழியில் எழுதுபவர் இது தனக்கு வேலை செய்யாது என்று பேசாமல் போயிருப்பார்.

தொடர்குறி:
அட்டவணை பற்றி எல்லாம் சொல்லிவிட்டார்கள். அதில் எந்தப் பண்பை வைப்பது என்பதையும் பாருங்கள். 'எழுத்தா' என்பதற்கு யூனிகோட் தரும் வகையை மட்டும் பார்த்தால் தமிழ் உடையும். ி என்பது இடம் பிடிக்கும் ஒட்டுக்குறி, ீ இடம் பிடிக்காத ஒட்டுக்குறி, புள்ளியும் அப்படியே. மூன்றுமே 'எழுத்து' வகையில் இல்லை. அதனால்தான் பைத்தானில் 'தமிழ்' என்ற சொல்லே முழுக்க எழுத்துகளால் ஆனதா என்று கேட்டால் இல்லை என்று பதில் வருகிறது. எழுத்துத்தன்மை என்று யூனிகோடில் தனியாக ஒரு பண்பு உண்டு, அதில் ி, ீ இரண்டும் சேரும், ஆனால் புள்ளி அதிலும் சேராது. சொல்லை வெட்டுவதற்கு எழுத்துத்தன்மையோடு ஒட்டுக்குறிகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பிட்டாக வையுங்கள். இல்லாவிட்டால் 'எழுத்து' என்ற சொல்லை உங்கள் டோக்கனைசர் 'த'வுக்குப் பக்கத்தில் இரண்டாக நறுக்கும்.

இழைப்பான்:
நறுக்கிக்கொண்டுதான் இருந்தது, இப்போதுதான் பார்த்தேன். நிரப்பும் சுற்றைச் சேர்த்ததும் சீனம் சரியாகிவிட்டது. புள்ளியையும் சேர்த்தாயிற்று. 11 லட்சம் குறிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தேன், ஒரு வித்தியாசம்கூட இல்லை. முதல் அடுக்கை இரண்டு பைட்டாக மாற்றிவிட்டு, பக்க எண்ணிக்கை எல்லை தாண்டினால் உருவாக்கும் நிரலே நின்றுவிடுகிற மாதிரி ஒரு வரியும் போட்டிருக்கிறேன்.