காவேரிப்பட்டணம் ஆற்றங்கரை பற்றிச் சொல்லுங்கள்

ஓசூர்க்காரி:
என் பாட்டி பிறந்த ஊர் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டணம். ஆற்றில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்த கதையைச் சொல்லிக்கொண்டே இருப்பார். சென்ற மாதம் தவறிவிட்டார். மகளுக்கு அந்தக் கரையைக் காட்ட வேண்டும். இணையத்தில் தேடினால் பூம்புகார்தான் வருகிறது. ஊரின் பழைய கதை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெண்ணைக்கரையான்:
பாட்டிக்கு என் அஞ்சலி, அம்மா. ஊர்ப் பெயரில்தான் காவேரி, ஓடுவது தென்பெண்ணை. நந்தி மலையில் பிறந்து உங்கள் ஓசூரைக் கடந்துதான் இங்கே வருகிறது.

இது பாராமகால் சீமையின், அதாவது இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்தின், கோட்டை ஊர்களில் ஒன்று. 1767இல் முதல் மைசூர்ப் போரில் மைசூரின் ஹைதர் அலி இந்தக் கோட்டையை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையிடமிருந்து பிடித்தார். 1792இல் சீமை முழுவதும் கம்பெனி கைக்குப் போய்விட்டது.

எனக்குப் பெரிதாகப் படுவது உங்கள் பாட்டி சொன்ன ஊற்றுதான். என் வீட்டிலிருந்து ஆறு கூப்பிடு தூரம். முழங்கை ஆழம் தோண்டினால் போதும், கலங்கலாகச் சுரக்கும். கொட்டாங்கச்சியால் நாலைந்து முறை இறைத்துவிட்டுக் காத்திருந்தால், அடியில் கிடக்கும் மணல் ஒவ்வொன்றாகத் தெரியும். குடத்தின் வாயில் வெள்ளைத் துணி கட்டி அம்மா மொண்டு ஊற்றுவார். அந்த மணலை லாரி லாரியாக அள்ளிவிட்டார்கள். நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. மகளிடம் இதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

மகா சிவராத்திரியை ஒட்டி மயானக் கொள்ளைக்கு வாருங்கள். காளி வேடமிட்டவர்கள் முன்னே ஆட, அங்காளம்மன் ஆற்றங்கரைக்குப் போவாள். அன்றைக்குத்தான் ஊர் முழுவதும் ஆற்றைப் பார்த்துத் திரும்பி நிற்கும்.

வாய்க்கால் பாசனம்:
அணையை விட்டுவிட்டீர்களே ஐயா! காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது கட்டிய கிருஷ்ணகிரி அணையால்தான் எங்கள் வயல்களில் நெல் விளைகிறது. உயரம் 52 அடி, பாசனம் சுமார் 9,000 ஏக்கர். 2017 நவம்பரில் மதகு உடைந்து தண்ணீர் வீணாகப் போனபோது எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

சகோதரி, பெண்ணேசுவர மடத்துச் சிவன் கோயிலையும் பாருங்கள். அதே ஆற்றங்கரைதான். சோழர், ஹொய்சாளர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. காலை வெயில் சாய்வாக விழும்போது போனால் எழுத்துகள் எடுப்பாகத் தெரியும்.

ஓசூர்க்காரி:
இருவருக்கும் நன்றி. குடத்தில் கட்டும் வெள்ளைத் துணியைப் பாட்டியும் சொல்லியிருக்கிறார், ஐயா. மாசியில் வருகிறோம். இப்போது ஊற்றுத் தோண்டினால் தண்ணீர் வருமா?

பெண்ணைக்கரையான்:
அணையில் தண்ணீர் விட்டிருந்தால் சுரக்கும், அம்மா. குடிக்க வேண்டாம், மேலே ஓசூர்ப் பக்கமே நுரையோடுதான் வருகிறது. கை நனைக்கலாம். கொட்டாங்கச்சி நான் கொண்டுவருகிறேன்.